புரட்டாசியில் மட்டும் உறைந்த ஜெல்

சிரிஞ்சின் பின்பக்கத்தை நான் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஊசி முனையிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை.

எதிரே மேசையில், வாழையிலை மேல், ஓர் ஆட்டுக்கால். முட்டிக்குப் பக்கத்தில் டிரில்லிங் மெஷினால் போட்ட ஓட்டை. அந்த ஓட்டைக்கு நாலு விரற்கடை தூரத்தில் ஒரு பெரிய மனிதரின் மூக்கு. அவர் ஓய்வு பெற்ற எலும்பு மருத்துவர். எங்கள் ஆராய்ச்சியைத் தொடர விடுவதா, மூட்டை கட்டச் சொல்வதா என்று முடிவு செய்ய வந்த மூவர் குழுவுக்குத் தலைவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் சுத்த சைவம்.

“ம்... போடுங்கம்மா” என்றார்.

“போட்டுக்கினுதான் சார் இருக்கேன்” என்றேன். பதற்றம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

இரண்டு கையாலும் அழுத்தினேன். மேசை விளிம்பில் வைத்து உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். டப்பென்று ஒரு சத்தம். ஊசி கழன்று பறந்துபோய், மேடைப் பதாகையில் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் தாளாளரின் கன்னத்தில் குத்தி நின்றது. சிரிஞ்சிலிருந்து வெள்ளையாக, இடியாப்பம் மாதிரி ஒரே ஓர் இழை வெளியே வந்து ஆட்டுக்கால் மேல் சுருண்டு படுத்துக்கொண்டது.

அரங்கத்தில் இருந்த இருநூறு மாணவர்களும் கை தட்டினார்கள். அதுதான் செயல்விளக்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

என் துறைத் தலைவர் மட்டும் கை தட்டவில்லை. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அன்று அந்த ஜெல் ஊசி வழியாக இறங்கி, ஓட்டைக்குள் உறைந்திருக்க வேண்டும். உறையாவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள், ரியோமீட்டர் என்கிற எங்கள் ஒரே இயந்திரம் லாரி ஏறிச் சென்னைக்குப் போய்விடும், என்னுடைய ஐந்து வருடமும் அதோடு போய்விடும். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏகாம்பரம் அண்ணனுக்கும் வேலை போய்விடும்.

முட்டிக்குள் ஊற்றும் கஞ்சி

இந்தத் தொடரை நடுவில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், எனக்கு வருத்தமில்லை.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற வழியில், நெல் வயல்களுக்கு நடுவே நிற்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தேன். இறால், நண்டு இவற்றின் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்று ஒரு பொடி எடுப்பார்கள். மைதா மாவு மாதிரி இருக்கும். தண்ணீரில் கரையாது. கொஞ்சம் புளிப்பு கலந்த தண்ணீரில், அதாவது வினிகர் மாதிரி அமிலத்தில், ராத்திரி முழுக்கக் கலக்கினால் கரைந்து கஞ்சியாகும்.

அந்தக் கஞ்சியை ஐஸில் வைத்துக் குளிர்வித்து, அதில் ஒரு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதற்குப் பிறகு அதற்கு ஒரு குணம் வந்துவிடும். குளிரில் கஞ்சியாகவே இருக்கும். உடம்புச் சூட்டுக்கு வந்தால் உறைந்து ஜெல் ஆகிவிடும். தேய்ந்துபோன மூட்டுக்குள் ஊசியால் செலுத்தினால், உள்ளே போய் உறைந்து, புது குருத்தெலும்பு வளர்வதற்குச் சாரம் கட்டிக் கொடுக்கும். கட்டடம் எழும்புவதற்கு முன் சவுக்குக் கம்பு கட்டுகிறார்களே, அதேதான்.

இது எப்படி ஓடுகிறது, எந்த நிமிடத்தில் உறைகிறது என்று அளப்பதுதான் என் வேலை. ரியோமீட்டரில் ஒரு தட்டின் மேல் கஞ்சியை ஊற்றினால், மேலே இன்னொரு தட்டு இறங்கி, இப்படியும் அப்படியும் லேசாகத் திருகும். திரையில் இரண்டு கோடுகள் போகும். ஒரு கோடு இது எவ்வளவு திரவம் என்று சொல்லும், இன்னொன்று எவ்வளவு திடம் என்று சொல்லும். திடக் கோடு கீழேயிருந்து ஏறி வந்து திரவக் கோட்டை வெட்டுகிற இடம்தான் உறையும் நேரம். அந்த வெட்டுப்புள்ளிக்காக ஐந்து வருடம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெருநகரில் நெல் வைக்கும் என் நைனாவுக்கு இதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன்.

“நண்டு ஓட்ட அரைச்சி மனுசன் முட்டில ஊத்தறதுக்கு அஞ்சு வருசமா?” என்பார். “நம்ம வூட்ல நண்டு ரசம் வச்சி அன்னிக்கே குட்ச்சிட்டுப் போறோம். முட்டி வலி இன்னான்னே தெரியாது.”

அறை வெப்பநிலை

வெளிநாட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் வரும். ‘கரைசல் அறை வெப்பநிலையில் திரவமாகவே இருந்தது.’ அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும்.

அவர்கள் அறையில் இருபத்தைந்து டிகிரி. எங்கள் கருத்தரங்கக் கூடத்துக்குத் தகரக் கூரை. கத்திரி வெயிலில் உள்ளே முப்பத்தேழு டிகிரி தாண்டும். முப்பத்தேழுதான் மனித உடம்பின் சூடு. அதாவது எங்கள் ஊரில் அறையும் உடம்பும் ஒன்று. மூட்டுக்குள் போய் உறைய வேண்டியது, சிரிஞ்சுக்குள்ளேயே ‘வந்து சேர்ந்துவிட்டோம்’ என்று உறைந்துகொள்ளும்.

ரியோமீட்டர் இருக்கும் அறையில் மட்டும் ஏசி உண்டு. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கும். வாசலைத் தாண்டியதும் கட்டி.

ஒருமுறை ஐஸ் பெட்டியில் வைத்து வாலாஜாபாத் வரை பஸ்ஸில் எடுத்துப்போய்ப் பார்த்தோம். திரும்பி வரும்போது ஐஸ் உருகி, சிரிஞ்சுகள் எல்லாம் உறைந்து, ஏகாம்பரம் அண்ணன் ஒன்றைப் பிரித்து உள்ளே இருந்ததைப் பென்சில் மாதிரி வெளியே எடுத்துக் காட்டினார். பக்கத்து சீட்டு அம்மா அதை மெழுகுவத்தி என்று நினைத்து எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

இரண்டு புள்ளிகள்

ஏகாம்பரம் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி வீட்டுக்காரர். தறிச் சத்தம் தலைவலி தருகிறது என்று சொல்லிவிட்டு எங்கள் கல்லூரிக்கு உதவியாளராக வந்தவர். ரியோமீட்டருக்கு அவர் வைத்த பெயர் ‘கொயந்த’. காலையில் வந்ததும் ஏசியைப் போட்டு, மேலே போர்த்தியிருக்கும் துண்டை எடுத்து, “கொயந்த எய்ந்துகிச்சி மேடம்” என்பார். பொடி நிறுப்பது, கரைப்பது, பாட்டிலில் ஊற்றி வைப்பது எல்லாம் அவர் கை. என் கையைவிட அவர் கை நிதானம்.

அலமாரியில் எங்களிடம் இரண்டு பொடிகள் இருந்தன. ஒன்று நண்டு ஓட்டில் செய்தது. ஐந்து வருடமாக நான் மாரடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று காளானிலிருந்து எடுத்த கைட்டோசான். ஆமாம், காளானிலும் அது உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஒருமுறை வரவழைத்து, நேரமில்லாமல் மூடி திறக்காமலே வைத்திருந்தேன். இரண்டும் ஒரே மாதிரி டப்பா, ஒரே மாதிரி வெள்ளை.

ஒருநாள் பொழுது போகாமல், பிஸ்கட் பாக்கெட்டில் போடுவார்களே, அந்த மாதிரி நண்டு டப்பாவில் சிவப்புப் புள்ளியும் காளான் டப்பாவில் பச்சைப் புள்ளியும் ஒட்டினேன்.

“இன்னா மேடம் இது?” என்றார்.

“இது அசைவம், இது சைவம். மத்தபடி ரெண்டும் ஒண்ணுதாண்ணா” என்றேன்.

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். வேடிக்கையாகச் சொன்னேன். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள் சொல்லியிருக்கக் கூடாத வாக்கியம். இரண்டும் ஒன்றில்லை. நண்டுப் பொடியின் மூலக்கூறுச் சங்கிலிகள் நீளம், ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கஞ்சி தடிமனாகும், சீக்கிரம் உறையும். காளானில் சங்கிலிகள் குட்டை. கஞ்சி தண்ணியாக இருக்கும், நிதானமாக உறையும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். சொல்லத்தான் தோன்றவில்லை.

அமுதா முறை

குழு வரப்போகிறது என்று கடிதம் வந்தது ஆவணி கடைசியில். புரட்டாசி முடிந்து வரும் முதல் திங்கட்கிழமை. அதற்குள் கூடத்துச் சூட்டில் உறையாமல், ஊசியில் இறங்கி, மூட்டில் மட்டும் உறைகிற கஞ்சி வேண்டும்.

நான் கடைசி முயற்சியாக உப்புக் கரைசலை விடும் வேகத்தைக் குறைத்தேன். ஒரு சொட்டு விட்டு, பத்து எண்ணி, அடுத்த சொட்டு. ஒரு மணி நேரம் ஆகும். கை மரத்துப்போகும்.

முதல் வாரமே அதிசயம் நடந்தது. கஞ்சி மோர் மாதிரி ஓடியது. சுண்டுவிரலால் தள்ளினால்கூட ஊசியில் இறங்கியது. புரட்டாசியில் கூடத்துக்குள் முப்பத்து மூன்று டிகிரிதான். அங்கே மேசையில் ஒரு மணி நேரம் வைத்திருந்தேன், உறையவில்லை. உடம்புச் சூட்டு வெந்நீரில் வைத்தால் பதினைந்து நிமிடத்துக்குள் உறைந்தது. அடுத்த நாளும் அப்படியே. அடுத்த நாளும். திரையில் இரண்டு கோடுகளும் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன.

புரட்டாசியில் ஊரில் கறிக்கடை காற்று வாங்கும். ஆட்டுக்கால் கிடைக்காததால் சேனைக்கிழங்கில் ஓட்டை போட்டு ஒத்திகை பார்த்தோம். ஒரு மாதத்தில் எத்தனை கிழங்குகளுக்கு மூட்டு சரிசெய்தேன் என்று கணக்கே இல்லை. அதில் ஊசி படாத பாதியைக் கேன்டீன் மாஸ்டர் வறுவல் போட எடுத்துப்போனதாகப் பிறகு தெரிந்தது.

என் துறைத் தலைவர் உணர்ச்சிவசப்பட்டு, இதற்கு என் பெயரையே போட்டு ‘அமுதா முறை’ என்று பெயர் வைத்தார். அறிக்கையில் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சடித்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ராத்திரி படுக்கும்போது அந்தப் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கஞ்சி ஏன் திடீரென்று இவ்வளவு தண்ணியாகிவிட்டது என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. பாட்டில் ஒவ்வொன்றிலும் ஏகாம்பரம் அண்ணன் ஸ்கெட்ச் பேனாவில் ஒரு பச்சைப் புள்ளி வைத்திருந்தார். ‘இது தயார்’ என்பதற்கு அடையாளம் வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டேன்.

சால்வைகள்

புரட்டாசி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் கறிக்கடையில் ஒரு மாத விரதத்தை ஒரே காலையில் முடித்துவிட ஊரே வரிசையில் நின்றது. ஏகாம்பரம் அண்ணன் இரண்டு மணி நேரம் நின்று ஒரே ஒரு ஆட்டுக்கால் வாங்கி வந்தார். “பாயாவுக்கா?” என்று கடைக்காரர் கேட்டதற்கு “பரிசோதனைக்கு” என்று இவர் சொல்ல, பின்னால் நின்றவர்கள் கறியில் ஏதோ கலப்படம் என்று கலைந்து போகப் பார்த்தார்களாம்.

திங்கட்கிழமை காலை புதுப் பாட்டிலை எடுத்து, சொட்டுச் சொட்டாக உப்பு விட்டேன். கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது. பயத்தில் என் கைதான் கனக்கிறது என்று நினைத்தேன்.

“நிகழ்ச்சி நீண்டால் பரவாயில்லையா?” என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். “ஒரு மணி நேரம் ஆனாலும் அமுதா முறையில் உறையாது” என்று தெம்பாகச் சொன்னேன். அதை அவர்கள் அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். குத்துவிளக்கு. வரவேற்பு நடனம். மூவருக்கும் சால்வை. சால்வை போட்டவர்களுக்குச் சால்வை. தாளாளர் தன் பள்ளிப் பருவத்திலிருந்து பேச ஆரம்பித்தார். சிரிஞ்சு மேசையில், இருநூறு பேர் மூச்சுக்காற்றில், தகரக் கூரைக்குக் கீழே காத்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

“மாத்தல மேடம்”

கைதட்டல் அடங்கியதும் கூடம் அமைதியானது. எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அழுகையை அடக்கினால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். ஒரு மாதமாக மோர் மாதிரி ஓடியது இன்று இடியாப்பமாகிவிட்டது என்றால், கரைத்து வைத்த பொடியில்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும். மேடை ஓரத்தில் தாளாளரின் கன்னத்திலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஏகாம்பரம் அண்ணனைப் பார்த்து, இருநூறு பேர் முன்னால், மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல் கத்தினேன்.

“அண்ணா! பொடிய மாத்தினீங்களா?”

கூடம் முழுக்க எதிரொலித்தது. அவர் ஊசியோடு மெதுவாகத் திரும்பினார்.

“மாத்தல மேடம். திருப்பி வச்சேன்.”

“என்னது?”

“மாத்துனது போன மாசம். நான் பொரட்டாசி வெரதம். நண்டு தூள கையால தொடக் கூடாது இல்ல? அதான் மாசம் பூரா பச்ச புள்ளி போட்டேன். பாட்டில்லகூட புள்ளி வச்சேனே. நீங்கோதான சொன்னீங்கோ, சைவம் அசைவம், மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்னு? மாசம் முட்ஞ்சிது, நேத்து மறுபடியும் நண்டு கரச்சி வச்சிட்டேன். குடுத்த வேலய கரெக்டா செஞ்சிக்கினுதான் கீறேன்.”

அமுதா முறை என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு மாதம் நான் பத்து பத்தாக எண்ணிச் சொட்டு விட்டது வெறும் கைப்பயிற்சி. உறைந்தது காளான். நாற்பது பக்க அறிக்கையில் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது நண்டு.

துறைத் தலைவர் சுவர்ப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சூடு அதிகம் என்று சொல்லிச் சமாளி என்று அர்த்தம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள், எல்லோருக்கும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஏகாம்பரம் அண்ணன் கையில் ஊசியோடு, செய்த தப்பு இன்னதென்றே தெரியாமல் நின்ற நிலையைப் பார்த்தபோது என் வாயில் அந்தப் பொய் வரவில்லை.

“சார், இந்த அறிக்கையில் உள்ள முடிவுகள் நண்டுடையது இல்லை. காளானுடையது. எனக்கே இப்பதான் தெரியும். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது” என்றேன்.

மூவர் குழுவில் இருந்த பெண் விஞ்ஞானி அறிக்கையை மூடினார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மூன்றாமவர் விழித்துக்கொண்டு, “காளானா? மத்தியானச் சாப்பாட்டுக்கா?” என்று கேட்டார்.

குழுத் தலைவர் மட்டும் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

“அந்தப் பச்சைப் புள்ளிக் கரைசல் மிச்சம் இருக்காப்பா?” என்று ஏகாம்பரம் அண்ணனைக் கேட்டார்.

“ஃப்ரிட்ஜில, தயிர் டப்பா பின்னாடி அர பாட்டில் கீது சார். வேஸ்ட் பண்ண மனசு வர்ல.”

சாம்பார் அண்டா

குழுவைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு நாங்கள் ஆய்வகத்துக்கு ஓடினோம். ஓடின வேகத்தில் கரன்ட் போனது. ஐஸ் இல்லை. கல்லூரி வாசலில் இருந்த ஜூஸ் கடையிலிருந்து ஏகாம்பரம் அண்ணன் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றித் தோளில் தூக்கி வந்தார். சட்டையெல்லாம் நன்னாரி வாசனை.

சொட்டு விட்டேன். இந்தத் தடவை எண்ணவில்லை. எண்ணுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதே. அவர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். எல்லார் முன்னாலும் கத்தியதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.

சூடு வைக்கும் வாட்டர் பாத் கரன்ட் இல்லாமல் செத்துக் கிடந்தது. கேன்டீனில் காலியான சாம்பார் அண்டாவைக் கழுவி, சோற்றுக்கு வைத்த வெந்நீரைக் கலந்து, தெர்மாமீட்டரில் முப்பத்தேழு வரும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றினோம். சரியாகக் கழுவவில்லை. மேலே இரண்டு கறிவேப்பிலை மிதந்தன.

குழுவினர் தயிர்சாதம் முடித்துக் கை கழுவிக்கொண்டு அண்டாவைச் சுற்றி நின்றார்கள். ஆட்டுக்கால் ஓட்டையில் ஊசியை வைத்து அழுத்தினேன். பட்டு நூல் மாதிரி இறங்கியது. ஓட்டை நிரம்பியது. காலை ஒரு பாலித்தீன் பையில் கட்டி அண்டாவுக்குள் இறக்கினோம்.

பதினைந்து நிமிடம். துறைத் தலைவர் கண்ணை மூடி உதடு அசைத்துக்கொண்டிருந்தார். கேன்டீன் மாஸ்டர், உப்பு போட வேண்டுமா என்று ஒருமுறை கேட்டார்.

காலை வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒன்றும் கொட்டவில்லை. குழுத் தலைவர் விரலால் ஓட்டையை அழுத்திப் பார்த்தார். லேசாக அமுங்கி, எழும்பியது. சைவக்காரர், ஆட்டுக்காலைத் தொட்டுவிட்டோம் என்பதையே மறந்து இன்னொரு தடவை அழுத்தினார்.

“நண்டு ஒத்துக்கொள்ளாத நோயாளிகளுக்கு இதை யோசிக்கலாம்” என்றார் பெண் விஞ்ஞானி. “மிருதுவாக இருக்கிறது, இன்னும் உறுதி வேண்டும். ஆனால் வேலை இருக்கிறது.” ஆராய்ச்சியில் ‘வேலை இருக்கிறது’ என்றால் ஆய்வகம் இருக்கும் என்று பொருள்.

குழுத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேடை ஏற அவருக்கு இரண்டு பேர் கை கொடுத்தது நினைவுக்கு வந்தது.

“ஏம்மா, எனக்கே ரெண்டு முட்டியும் போச்சு. நண்டை உள்ள விட மனசு ஒப்பல. இது சைவம்தானே?”

“காளான் சார்.”

“காளான் சைவம்தான்” என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அறிக்கைப் பிரதிகளில் ‘நண்டு’ என்று இருந்த இடத்திலெல்லாம் வெள்ளை மை தடவிக் ‘காளான்’ என்று எழுத ஏகாம்பரம் அண்ணனுக்கு இரண்டு நாள் ஆனது. ‘அமுதா முறை’யை நானே கோடு போட்டு அடித்தேன்.

வேண்டுதல்

இரண்டாம் நாள் சாயங்காலம், மை காய்வதற்காக ஊதிக்கொண்டே அவர் கேட்டார்.

“மேடம், திருப்பதிக்கு எப்போ போறீங்கோ?”

“நான் எதுக்குண்ணா?”

“மொட்ட போட. ஜெல்லு கட்டணும்னுதான பெருமாளாண்ட வேண்டிக்கினேன். அதுக்குதான இந்த வருசம் வெரதமே. கட்டிச்சின்னா மேடம் முடி குடுப்பாங்கன்னு சொல்லிக்கீறேன்.”

“என் முடியையா? நீங்க வேண்டிக்கிட்டா உங்க முடியைத்தானே குடுக்கணும்?”

அவர் தன் தலையைத் தடவிக் காட்டினார். முழு வழுக்கை. கண்ணாடி.

“இன்னாத்த குடுக்கறது மேடம்?”

என் பின்னல் இடுப்பைத் தாண்டும். சின்ன வயதிலிருந்து வளர்த்தது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இது விஞ்ஞானம் அண்ணா, வேண்டுதலுக்கும் உறைவதற்கும் சம்பந்தமே இல்லை, மூலக்கூறுச் சங்கிலி குட்டை என்பதால் உறைந்தது என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“கரெக்ட் மேடம். நான் வேண்டிக்கலன்னா வெரதம் இல்ல. வெரதம் இல்லன்னா பொடி மாறி இருக்காது. பொடி மாறலன்னா கட்டி இருக்காது. இதுல எந்த எடத்துல தப்பு கீது, சொல்லுங்கோ?”

நான் ஐந்து வருடம் காரண காரியம் படித்தவள். எத்தனையோ நாள் யோசித்தேன். தப்பு கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் ரியோமீட்டர் எப்போது மக்கர் பண்ணினாலும் என் பின்னலை ஒரு பார்வை பார்ப்பார். கொஞ்ச நாளில் துறைத் தலைவரும் பார்க்க ஆரம்பித்தார். ஆய்வேடு முடிக்கும் சமயத்தில் ஒரு வாரம் இயந்திரம் மொத்தமாகப் படுத்துவிட்டது. அந்த சனிக்கிழமை நான் பஸ் ஏறினேன். திரும்பி வந்தபோது கொயந்த எழுந்துவிட்டிருந்தது. ஒரு ஃப்யூஸ் போயிருந்ததாம்.

வாய்மொழித் தேர்வுக்கு மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நின்றேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என்னைப் பார்த்ததும் உடம்புக்கு ஏதோ என்று நினைத்து உட்காரச் சொன்னார். பிறகு ஆய்வேட்டைப் புரட்டினார்.

“மூன்றாவது அத்தியாயம் வரைக்கும் நண்டு. நாலாவதுல திடீர்னு காளான். ஏன்?”

தயாரித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். சங்கிலியின் நீளம், ஒத்துக்கொள்ளாமை, எங்கள் ஊர்ச் சூடு. எல்லாம் உண்மைதான். அவர் தலையாட்டினார்.

“நல்ல பதில். ஆனா முதல்ல இது யாருக்குத் தோணுச்சு?”

தலையில் கை வைத்தேன். காய்ந்த சந்தனம் விரலில் உதிர்ந்தது. கூடத்தின் கடைசியில் சமோசாத் தட்டோடு ஏகாம்பரம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

“என்கூட வேலை செய்யறவர் சார். எனக்கு முன்னாடி கண்டுபிடிச்சவர் அவர்தான். அதோ, பின்னாடி நிக்கிறார்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏகாம்பரம் அண்ணனும் தட்டோடு திரும்பி, தனக்குப் பின்னால் நிற்பது யார் என்று பார்த்தார்.